மேட்டுப்பாத்திக்கு மூன்றடி உயரம் எதற்கு?

திருமங்கலத்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார்: வீட்டுக்குப் பின்னால் கரிசல் மண், மழை வந்தால் சேறு, வெயிலில் விரல் நுழையும் வெடிப்பு. அடியில் சிமெண்ட் தளம் போட்டு மூன்றடி உயரத்துக்குக் கட்டி, ஒரு லோடு செம்மண் அடித்துக் கத்தரி, வெண்டை போடலாமா?

வேண்டாம் அக்கா. தளமும் வேண்டாம், மூன்றடியும் வேண்டாம். நம்ம ஊர் வெயிலுக்குப் பாத்தி உயர உயரச் சுவர் சூடேறி மண் சீக்கிரம் காயும். செலவும் பாருங்கள்: 10 அடிக்கு 4 அடி பாத்தியை மூன்றடி நிரப்ப 120 கன அடி, ஒரு யூனிட்டுக்கும் (100 கன அடி) மேல், ஒரு அடி உயரத்துக்கு 40 கன அடி போதும். அப்புறம், நீங்கள் திட்டுகிற அந்தக் கரிசல்தான் உங்கள் தண்ணீர்த் தொட்டி. மேலே ஒரு அடி பொலபொலவென்று மண் இருந்தால் மழைத் தண்ணீர் வேரில் தேங்காது, வெயில் காலத்தில் கத்தரி வேர் கீழே இறங்கி ஈரத்தைத் தேடிக்கொள்ளும். தளம் போட்டால் இரண்டும் போச்சு. ஒரு மழை பெய்து மண் இளகியதும் முக்கால் அடி ஆழம் கொத்திவிட்டு, கோரைக்கிழங்கை ஒன்று விடாமல் பொறுக்கிவிடுங்கள், இல்லையென்றால் புது மண்ணைத் துளைத்துக்கொண்டு வந்து நிற்கும். தண்ணீர் வடிய அடியில் ஜல்லி பரப்பச் சொல்வார்கள், அதுவும் தேவையில்லை. மேல்மண் முழுக்க ஊறிய பிறகுதான் தண்ணீர் ஜல்லிக்கே இறங்கும்.

சுவருக்கு 16க்கு 8 அங்குல ஹாலோ பிளாக், இரண்டு வரிசை, ஏறக்குறைய 45 கல். பூச வேண்டாம், சும்மா அடுக்குங்கள். கரிசல் மழையில் உப்பி வெயிலில் சுருங்குவதால் பூசிய சுவர் பிளந்துகொள்ளும். நான் ஆசையாகப் பூசியது அடுத்த கோடையிலேயே மூலையில் வாய் திறந்துவிட்டது. காம்பவுண்டு சுவரை ஒட்டி வைப்பதாக இருந்தால் அகலம் 2 அடிக்கு மேல் போகாதீர்கள், கை எட்டாது.

நிரப்புவதில்தான் விஷயமே இருக்கிறது. வெறும் செம்மண் நாலு தண்ணீர் விட்டதும் செங்கல் மாதிரி இறுகிவிடும். கொத்தனார் சட்டியால் அளந்தால் செம்மண் 5, மக்கிய தொழுஉரம் 3, தென்னை நார்க்கழிவு 2. நார்க்கழிவு 5 கிலோ கட்டி 3 வாங்குங்கள். ஊறவைத்து, பிழிந்து, இரண்டு மூன்று தடவை தண்ணீர் மாற்றினால்தான் உப்பு போகும், அதுவும் உங்கள் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கண்டிப்பாக. எருவை வாங்குவதற்கு முன் குவியலுக்குள் கையை விட்டுப் பாருங்கள். உள்ளே கதகதவென்று இருந்தால், வைக்கோல் துண்டு அப்படியே தெரிந்தால், இன்னும் மக்கவில்லை, வேரைக் கருக்கும். சுருண்ட வெள்ளைப் புழு கட்டை விரல் தடிமனில் கிடக்கும், பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். எல்லாவற்றையும் வெளியிலேயே கலந்து, 2 கிலோ வேப்பம் புண்ணாக்கும் சேர்த்து, அரை அடிக்கு ஒரு முறை தண்ணீர் தெளித்து நிரப்புங்கள். காலால் மிதிக்காதீர்கள்.

ஆனி மாதமே நிரப்பிவிட்டால் மூன்று வாரம் ஆறி ஆடிப்பட்டத்துக்குத் தயாராக இருக்கும். அதற்குள் மண் நாலு விரல் இறங்கும், பயப்படாமல் மேலே எரு போடுங்கள். நாற்று நட்டதும் தண்டை ஒட்டாமல் வைக்கோலோ காய்ந்த சருகோ மூடாக்காகப் போட்டுவிடுங்கள். வைக்கோலை விலக்கி விரலை இரண்டு கணு உள்ளே விட்டு, ஈரம் தட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம்.