எம்.எஸ்சி. சேர முன்ன புது லேப்டாப் வாங்கணுமா? குளச்சல் வாசகிக்கு பதில்

கேள்வி: அக்கா, எனக்கு குளச்சல். திருவனந்தபுரத்துல கேரளா யுனிவர்சிட்டி காரியவட்டம் கேம்பஸ்ல எம்.எஸ்சி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கிடைச்சிருக்கு, ஹாஸ்டல்ல தங்கணும். கைல இருக்கது அண்ணன் 2016ல வாங்குன லேப்டாப், இன்டெல் ஐ3 அஞ்சாம் ஜெனரேஷன் ப்ராசசர், 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். ஆன் பண்ணி வச்சிட்டு சாயா குடிச்சிட்டு வந்தாலும் சுத்திட்டே இருக்கும், சார்ஜரை எடுத்தா உடனே ஆஃப். அம்மா சீட்டு எடுத்த 45,000 ரூவா இருக்கு. அண்ணன் 75,000க்கு கேமிங் லேப்டாப்பா இஎம்ஐல எடுக்கலாம்னு சொல்லுகான். அப்பா விசைப்படகுல மீன்பிடிக்க பங்குக்கு போறாவ. என்ன செய்யட்டும்?

பதில்: மக்ளே, ரேமு ஜெனரேஷன் எல்லாம் பொறவு பாப்போம், நீ எழுதுனதுல எனக்கு பெருசா பட்டது அப்பா விசைப்படகுக்கு போறாவங்கற அந்த கடைசி வரிதான். நம்ம மேற்கு கடற்கரைக்கு ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், 61 நாளு படகு கடலுக்கு போவாது, பங்கும் வராது, அரசு தர்ற நிவாரணம் குடும்பத்துக்கு 8000 ரூவா, அதை வச்சு ரெண்டு மாசம் வீடு ஓடாதுன்னு உங்க அம்மாக்கு நல்லா தெரியும். உனக்கு அட்மிஷன் பீஸு, ஹாஸ்டல் டெபாசிட்டு, மெஸ் அட்வான்ஸு, பெட்டி படுக்கைன்னு செலவு வரிசைகட்டி வர்றதும் அந்த நேரத்தை ஒட்டித்தான். அப்பம் அந்த 45,000ஐ லேப்டாப் காசுன்னு நினைக்காத, இப்போதைக்கு அது வீட்டுக்கு பிடிமானம், புது லேப்டாப்புக்காக அதுல கை வைக்காண்டாம்.

அதனால புதுசு இப்பம் வாங்காண்டாம்ங்கதுதான் என் பதில். பழசுக்கு கொஞ்சம் செலவு பண்ணி மொத கொஞ்ச மாசத்தை ஓட்டு, ஓணம் ஆஃபர்லயோ தீபாவளி ஆஃபர்லயோ, டிபார்ட்மென்ட்ல என்ன சாப்ட்வேர் கேக்குதாவன்னு தெரிஞ்ச பொறவு வாங்கு.

அண்ணன் பாசத்துலதான் சொல்லுகான், ஆனா கணக்கு போட்டு பாரு. 75,000ஐ 12 மாசமா பிரிச்சா மாசம் 6250, 12 மாச இஎம்ஐ எப்ப தொடங்குனாலும் அடுத்த ஜூன் ஜூலை அதுக்குள்ள வந்து விழும், வருமானமே இல்லாத ரெண்டு மாசம் 12,500 எங்க இருந்து கட்டுவிய? ஒரு தவணை தவறினா அபராதமும் வரும், கார்டோ லோனோ யாரு பேர்ல இருக்கோ அவங்க சிபில் ஸ்கோரும், அதாவது கடனை ஒழுங்கா கட்டுறாவளான்னு காட்டுற மார்க்கும் இறங்கும். நோ காஸ்ட் இஎம்ஐ, அதாவது வட்டி இல்லாத தவணைன்னு போட்டிருந்தாலும் பேங்க் வட்டி போடத்தான் செய்யுது, அந்த தொகையை கடைக்காரன் டிஸ்கவுண்டா கழிச்சு காட்டுகான் அவ்ளோதான், கிரெடிட் கார்டு இஎம்ஐன்னா அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உன் தலையில, வட்டி 3000ன்னா 540 ரூவா, அதுபோக ப்ராசசிங் பீஸு, ரொக்கமா குடுத்தா கிடைச்சிருக்கக்கூடிய தள்ளுபடியும் போச்சு. பொறவு கேமிங் லேப்டாப் கனம் ஜாஸ்தி, சார்ஜும் நிக்காது, ஸ்டாட்டிஸ்டிக்ஸுக்கு அந்த கிராபிக்ஸ் கார்டு பெருசா தேவையும் படாது, கணக்கு போட உதவுற ஆர், பைத்தான் சாப்ட்வேர் ரெண்டும் ஓசில கிடைக்கும், பெரிய டேட்டா வந்தா கூகுளோட கம்ப்யூட்டர்ல ஓடுற கூகுள் கோலாப்ல பிரவுசர்லயே ஓட்டிக்கலாம்.

இனி பழசை பத்தி. மிஷின் மெதுவா இருக்கதுக்கு பாதி காரணம் அந்த ஹார்ட் டிஸ்க்தான், அதுக்கு பதிலா எஸ்எஸ்டிங்கற வேகமான டிஸ்க்கை மாத்தி இன்னொரு 4 ஜிபி ரேம் சேத்தாலே வேற ஆளு மாதிரி ஓடும். ஆனா மாத்த முன்ன ஒரு காரியம் செய்யணும் கேட்டியா, நீ கடல் பக்கத்துல இருக்க. நாகர்கோவில்லயோ மார்த்தாண்டத்துலயோ சர்வீஸ் கடைக்கு போனா உன் கண்ணு முன்னாலயே அடிமூடியை கழட்டச் சொல்லு, யூஎஸ்பி ஓட்டை ஓரம், ரேம் சொருகுற இடம், ஃபேன் பக்கத்துல போர்டு, இதெல்லாம் டார்ச் அடிச்சு பாரு, உப்புக்காத்து பட்டு பச்சை பூத்து இருந்தா, இல்ல மூடி மடக்குற கீலு விட்டுப்போய் இருந்தா, அதுக்கு மேல ஒத்த ரூவா அதுல போடாத. சுத்தமா இருந்தா மட்டும் எஸ்எஸ்டியும் ரேமும். ரேமு உன் பழைய மிஷினுக்கு சேருற டிடிஆர்3எல் வகை தானான்னு கேட்டு வாங்கு, இன்னொரு ஸ்லாட்டு காலியா இருக்கான்னும் பாரு. வேலைக்கூலி சேத்து 7000க்கு மேல போச்சுன்னா வேண்டாம்னு எழும்பி வந்துரு. பேட்டரிக்கு அவசரம் இல்ல, ஹாஸ்டல்ல பிளக் பாயிண்ட் இருக்கும், விலை மலிவா கிடைக்கதேன்னு டூப்ளிகேட் பேட்டரி போட்டா ஊதி கீபோர்டையே தூக்கிரும்.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட்டை நிறுத்தியாச்சு, உன் அஞ்சாம் ஜெனரேஷன்ல விண்டோஸ் 11 முறைப்படி ஏறவும் செய்யாது, இன்டெல்னா எட்டாம் ஜெனரேஷன்ல இருந்துதான். அதனால எஸ்எஸ்டி போடும்போதே விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் மின்ட் ஏத்திக்கோ, அது இலவசம், ஆரும் பைத்தானும் அதுல நல்லா ஓடும். எஸ்பிஎஸ்எஸ் மாதிரி காசு குடுத்து வாங்குற சாப்ட்வேர் கேட்டா டிபார்ட்மென்ட் லேப்ல இருக்கான்னு சீனியர்ட்ட விசாரி. பத்து வருச டிஸ்க்கு, எப்ப வேணும்னாலும் போவும், உள்ள இருக்க சர்ட்டிபிகேட் ஸ்கேனு போட்டோ எல்லாத்தையும் இன்னைக்கே பென்டிரைவ்ல ஒண்ணு, கூகுள் டிரைவ்ல ஒண்ணு எடுத்து வை.

ரேம் விலை ஏறிட்டு வருது, காத்திருந்தா லேப்டாப் விலையும் கூடும்னு அண்ணன் சொல்லுவான். அது நிஜம்தான், ஏஐ டேட்டா சென்டர் எல்லாம் மெமரியை அள்ளிட்டு போறதுல 2025 கடைசில இருந்தே விலை ஏறுது, ஒருவேளை நீ கூடுதலா குடுக்க வேண்டி வரலாம். ஆனாலும் ஜூலைல காசு முட்டி அம்மா கழுத்துல கிடக்கத பேங்க்ல வச்சா அதுக்கு கட்டுற வட்டியும் அந்த மனக்கஷ்டமும் இதைவிட கூடுதல் மக்ளே.

பழசை சரியாக்க 7000 போனா மிச்சம் 38,000த்துல பீஸு, ஹாஸ்டலுக்கு தேவையானதை அம்மா கைல குடு, மீதியை உன் பேர்ல தனி அக்கவுண்ட்ல போடு, வட்டிக்காக இல்ல, கைல கிடந்தா செலவாயிரும்னுதான். ஆகஸ்ட்ல படகு திரும்ப கடலுக்கு போன பொறவு பங்கு வரும்போது மாசம் முடிஞ்சத அதுல சேரு. வாங்கும்போது 16 ஜிபி ரேமும் 512 எஸ்எஸ்டியும் பாரு, இல்லனா 8 ஜிபி இருந்து இன்னொரு ஸ்லாட்டு காலியா இருக்கதா பாரு. காசு பத்தலன்னா ஆபீஸ்ல ஓடுனதை சரிபண்ணி விக்கிற ரீபர்பிஷ்டு லேப்டாப், திங்க்பேடு, லாட்டிட்யூட் மாதிரி எட்டாம் ஜெனரேஷனுக்கு மேல உள்ளது, கடை வாரண்டி எழுதி தந்தா தைரியமா எடுக்கலாம்.

ஒருவேளை போர்டே பச்சை பூத்து போயிருந்தா, இல்ல மொத வாரமே லேப்டாப் கட்டாயம்னு டிபார்ட்மென்ட்ல சொன்னா, அப்பவும் இஎம்ஐ பக்கம் போவாண்டாம், அந்த ரீபர்பிஷ்டையே முன்னாடியே எடுத்துக்கோ. எஜுகேஷன் லோன் எப்படியும் போடுற எண்ணம் இருந்தா கோர்ஸுக்கு தேவையான லேப்டாப்பையும் அதுல சேக்கலாம், பீஸ் விவரத்தோட கடை கொட்டேஷனையும் சேத்து பேங்க்ல குடு, படிப்பு முடிஞ்ச பொறவு கட்டினா போதும். லேப்டாப்புக்காக மட்டும் லோன் போடாத. மொதல்ல இந்த சனிக்கிழமையே சர்வீஸ் கடைக்கு போய் அடிமூடியை கழட்டிப் பாரு, அண்ணனையும் கூட கூட்டிட்டு போ.