வீட்டுக்காரர் சாதி கேட்டால் பிரிவு 14 உதவுமா?

கேள்வி: நான் பட்டியல் சாதியைச் சேர்ந்தவள். சென்னையில் தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை. வாடகைக்கு வீடு பார்க்கப் போன இடத்தில் எல்லாம் பேசி முடிந்து, அட்வான்ஸ் எவ்வளவு என்பது வரைக்கும் வந்த பிறகு, அந்த வீட்டம்மா, "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார். சொன்னேன். மறுநாள் புரோக்கர் போன் செய்து, "உங்க ஆளுங்களுக்கு விடமாட்டாங்களாம், வேற வீடு பார்த்துத் தரேன்" என்றார். "சட்டத்தின் முன் எல்லாரும் சமம்னு பிரிவு 14 சொல்லுது, ஐகோர்ட்டில் ரிட் போடு" என்கிறார் என் சித்தப்பா. "அவங்க வீடு, அவங்க இஷ்டம், சட்டத்துக்கு அங்க வேலை இல்லை" என்கிறாள் அலுவலகத் தோழி. யார் சொல்வது சரி?

பதில்: சித்தப்பாவின் கோபம் சரி, பிரிவுதான் தப்பு. தோழி சொல்வது அதைவிடப் பெரிய தப்பு.

அரசியலமைப்பின் பிரிவு 14 ஒரே வாக்கியம்தான். பள்ளியில் இலக்கண ஆசிரியர் சொல்வாரே, அதுபோல அந்த வாக்கியத்தில் எழுவாயைத் தேடுங்கள். "எல்லாரும்" என்று அது தொடங்கவில்லை. அரசு யாருக்கும் சட்டத்தின் முன் சமத்துவத்தையோ, சட்டங்களின் சமமான பாதுகாப்பையோ மறுக்கக் கூடாது என்கிறது. எழுவாய் அரசு. யார் யார் அரசு என்று பிரிவு 12 சொல்கிறது: ஒன்றிய, மாநில அரசுகள், நாடாளுமன்றம், சட்டமன்றம், மாநகராட்சி போன்ற உள்ளாட்சிகள், மற்ற அதிகார அமைப்புகள். எல்.ஐ.சி.யைக்கூட 1975-இல் உச்ச நீதிமன்றம் அதில் சேர்த்துவிட்டது. அதனால் வீட்டுவசதி வாரியம் சாதி பார்த்து உங்களுக்கு ஒதுக்கீடு மறுத்திருந்தால் சித்தப்பா சொன்னதுதான் சரியான வழி, நேராக ரிட் போடலாம். வீட்டம்மா வாரியம் இல்லை. அவர்மீது பிரிவு 14-ஐ வைத்துப் போனால், பெரும்பாலும் முதல் விசாரணையிலேயே மனு கீழே விழும். உங்கள் நேரமும் வக்கீல் பணமும் வீண். 2023 ஜனவரியில் கௌஷல் கிஷோர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, பேச்சுரிமை முதலியவற்றைத் தரும் பிரிவு 19-ஐயும் உயிர்வாழும் உரிமை தரும் 21-ஐயும் தனிநபருக்கு எதிராகவும் கோரலாம் என்று சொன்னது உண்மை. ஆனால் அந்தத் தீர்ப்பு பேசியது அந்த இரண்டைப் பற்றித்தான்.

அரசைக் கட்டிப்போட்ட சமத்துவம் பக்கத்து வீட்டுக்காரரைக் கட்டாது என்ற இந்தச் சிக்கல் நமக்கு முன்பே அமெரிக்காவில் வந்தது. "சட்டங்களின் சமமான பாதுகாப்பு" என்ற சொற்களே 1868-இல் வந்த அவர்களுடைய 14-வது அரசியலமைப்புத் திருத்தத்திலிருந்து நாம் எடுத்தவை. (இரண்டு பக்கமும் எண் 14 என்பது தற்செயல்.) விடுதி, நாடக அரங்கு, போக்குவரத்து வண்டிகளில் கறுப்பின மக்களை ஒதுக்கக் கூடாது என்று அங்கே 1875-இல் ஒரு சட்டம் வந்தது. அந்தத் திருத்தம் மாநில அரசுகளைத்தான் தடுக்கிறது, விடுதிக்காரரை அல்ல என்று சொல்லி 1883-இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. நீதிபதி ஹார்லன் ஒருவர்தான் மாறுபட்டார். விடுதியும் நாடக அரங்கும் மறுபடி சட்டத்துக்குள் வர 1964 வரை, அதாவது 81 வருடம் ஆயிற்று. வீடு விற்பதும் வாடகைக்கு விடுவதும் 1968 ஏப்ரலில்தான் வந்தன, மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டு ஒரு வாரம் கழித்து. பிரிட்டனிலும் அதே கதை: 1965-இல் வந்த முதல் இனப்பாகுபாடு தடைச் சட்டம் வீட்டைத் தொடவில்லை, 1968-இல் வந்ததுதான் தொட்டது. எல்லா ஊரிலும் சமத்துவம் கடைசியாகத் தட்டும் கதவு வீட்டுக் கதவாகத்தான் இருந்திருக்கிறது.

நம் அரசியலமைப்பை எழுதியவர்களுக்கு அவ்வளவு காலம் காத்திருக்க மனமில்லை. இங்கே ஒதுக்கியது அரசு மட்டுமில்லை, தெருவும் கிணறும் டீக்கடையும்தான் என்று அவர்கள் அறிவார்கள். அரசியலமைப்புக்கு முன்னாலேயே, 1938-இல், ஒடுக்கப்பட்டோர் தலைவர் எம்.சி. ராஜா கொண்டுவந்த மசோதா சென்னை மாகாணத்தில் சட்டமாகி, பொதுச் சாலை, கிணறு போன்றவற்றில் சாதித் தடையை நீக்கியது. அதனால் அரசியலமைப்பில் 14-ஐ மட்டும் எழுதிவிட்டு நிறுத்தவில்லை. பிரிவு 15(2) கடைகள், பொது உணவகங்கள், விடுதிகள், கேளிக்கை இடங்கள், பொதுக் கிணறு, குளம், சாலை ஆகியவற்றில் சாதி, மதம், இனம், பால், பிறந்த இடம் என்ற காரணத்தால் மட்டும் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. அந்த வாக்கியத்தில் எழுவாய் அரசு இல்லை. கவனித்துப் பாருங்கள். "கடை" என்றால் உள்ளே நுழைய விடுவது மட்டுமில்லை, பணம் கொடுத்துப் பெறும் சேவையும் அதில் அடங்கும் என்று அம்பேத்கர் 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் விளக்கினார். அந்த விளக்கத்தைப் பிடித்துக்கொண்டு 2011-இல் உச்ச நீதிமன்றம் தனியார் கல்லூரியையும் "கடை"க்குள் கொண்டுவந்தது. தீண்டாமையை ஒழிக்கும் பிரிவு 17 நிறைவேறியதும் அதே நவம்பர் 29-தான். அதிலும் எழுவாய் அரசு இல்லை. தீண்டாமை எந்த வடிவத்திலும் கூடாது, அவ்வளவுதான். யார் கடைப்பிடித்தாலும் குற்றம்.

உங்கள் விஷயம் இந்த 17-இன் கீழ்தான் வருகிறது. அதன் பிள்ளை, 1955-இல் வந்த தீண்டாமைக் குற்றங்கள் சட்டம். 1976-இல் அதைத் திருத்தி, குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டம் (ஆங்கிலத்தில் Protection of Civil Rights Act) என்று பெயர் மாற்றினார்கள். குடியுரிமை என்றதும் பாஸ்போர்ட் ஞாபகம் வரும், இது அதுவல்ல. தீண்டாமை ஒழிந்ததால் ஒருவருக்குக் கிடைக்கும் உரிமைக்குத்தான் இந்தச் சட்டம் அந்தப் பெயரை வைத்திருக்கிறது. நம் ஊரில் "பி.சி.ஆர். கேஸ்" என்பார்களே, அந்த மூன்று எழுத்தும் இதிலிருந்து வந்தவைதான். வேடிக்கை என்னவென்றால், இன்று "பி.சி.ஆர்." என்று பேசுபவர்களில் பாதிப் பேர் மனதில் இருப்பது, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான கொடுமைகளைத் தண்டிக்கும் 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 1955 சட்டத்தைக் காவல் நிலையத்திலேயே பலர் மறந்துவிட்டார்கள். நீங்கள் மறக்காதீர்கள்.

ஏன் என்றால், அதன் 4-வது பிரிவில் கடை, ஓட்டல், தொழில், ஆறு, கிணறு என்று போகும் பட்டியலில், எந்தப் பகுதியிலும் குடியிருப்பு வீட்டைக் கட்டுவது, வாங்குவது, அதில் குடியிருப்பது என்று தனியாக ஓர் உருப்படி இருக்கிறது. தீண்டாமையின் பேரில் அதில் தடை விதிப்பவருக்கு ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறையும் 100 முதல் 500 ரூபாய் வரை அபராதமும் உண்டு. (அந்த 500 ரூபாய் 1976-இன் 500 ரூபாய். மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.) 12-வது பிரிவு அதைவிட முக்கியம்: பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், செயல் தீண்டாமையின் காரணமாகத்தான் நடந்தது என்று நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு எதிர்த்தரப்புக்கு. அதனால் உங்கள் சாதிச் சான்றிதழ் கையில் இருக்கட்டும்.

வீட்டை வாடகைக்கு விடு என்று ஒரு தனி உரிமையாளரைக் கட்டாயப்படுத்த 4-வது பிரிவின் அந்த உருப்படி போதுமா? எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் கேட்பார். "தடை விதிப்பது வேறு, என் வீட்டை யாருக்கு விடுவது என்ற விருப்பம் வேறு" என்று வாதிடுவார். 2005-இல் ஆமதாபாத் பார்சி கூட்டுறவு வீட்டுச் சங்க வழக்கையும் எடுப்பார். அதில், பார்சிகளை மட்டும் உறுப்பினராக்கும் துணைவிதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. என் கருத்தில் அந்தத் தீர்ப்பு உங்களைத் தடுக்காது. அது ஒரு சமூகம் தனக்குள் சங்கம் அமைத்த கதை, தீண்டாமை அங்கே கேள்வியாகவே எழவில்லை. ஆனாலும் நிச்சயம் ஜெயிக்கும் என்று நான் எழுதித் தர மாட்டேன்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தண்டனையில் கனமானது, அதற்கேற்ப நிபந்தனையும் கூடுதல். எதிராளி பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாதவராக இருக்க வேண்டும். 2016 முதல் நடைமுறையில் உள்ள திருத்தப்படி பொருளாதாரப் புறக்கணிப்பு ஒரு குற்றம். தொழில், வியாபாரம், சேவை ஆகியவற்றில் கொடுக்கல் வாங்கலை மறுப்பது அந்த வரையறைக்குள் வருகிறது. ஒரே ஒரு வீட்டம்மா மறுத்ததை அதற்குள் கொண்டுவரலாம் என்று வாதிடலாம், எளிதல்ல. அந்தக் குடியிருப்பின் சங்கமே "இவங்களுக்கு விடக்கூடாது" என்று சொல்லியிருந்தால் கதை வேறு, மிகவும் வலுவானது. சாதிப் பெயர் சொல்லித் திட்டியிருந்தால் அது தனிக் குற்றம், ஆனால் வெளியார் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நடந்திருக்க வேண்டும். நான்கு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாமல் சொன்னது அதில் வராது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

இனி நீங்கள் செய்ய வேண்டியதற்கு வருவோம். உங்கள் கையில் இருக்கும் பெரிய சாட்சி புரோக்கர். மறுத்தது வீட்டம்மா, அதை உங்களிடம் சொன்னது புரோக்கர்; அவர் நீதிமன்றத்தில் பின்வாங்கலாம், அவருக்கும் பிழைப்பு இருக்கிறது. அதனால் இப்போதே அவருக்கு வாட்ஸ்அப்பில், "அந்த வீடு ஏன் இல்லைன்னு சொன்னீங்க, மறுபடி ஒரு தடவை சொல்லுங்க" என்று சாதாரணமாகக் கேளுங்கள். சண்டை போடாதீர்கள். பதில் வந்தால் அதை அழிக்காமல், அந்தப் போனையே மாற்றாமல் வைத்திருங்கள். போன் பேச்சு பதிவாகியிருந்தால் வெட்டி ஒட்டாமல் அப்படியே இருக்கட்டும். வீட்டு விளம்பரம் இன்னும் இருக்கிறதா என்று பார்த்து, தேதி தெரியும்படி படம் எடுங்கள். வேறு சாதியைச் சேர்ந்த நண்பர் ஒருவர் அதே வீட்டைக் கேட்டுப் போய், அவருக்குக் கிடைக்கிறது என்றால் அது நல்ல சாட்சி. அமெரிக்காவில் வீட்டுப் பாகுபாடு வழக்குகளில் இப்படிச் சோதித்துப் பார்ப்பவர்களை நீதிமன்றமே ஏற்றிருக்கிறது. இங்கே அதற்குத் தனி விதி கிடையாது, ஆனால் நண்பர் சாட்சி சொல்வதை யாரும் தடுக்கவில்லை.

அப்புறம் புகார். அதில் "சமத்துவம்", "அவமானம்" போன்ற பெரிய சொற்களைக் குறைத்து, என்றைக்கு, யார், என்ன சொன்னார்கள் என்பதை அவர்கள் பேசிய அதே வார்த்தைகளில் எழுதுங்கள். 1955 சட்டத்தின் 4-வது பிரிவைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். இல்லையென்றால் "இது சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தச் சட்டத்தின் குற்றங்களில் போலீஸ் தானாகவே வழக்குப் பதியலாம். வன்கொடுமைச் சட்டமும் பொருந்தினால், வழக்குப் பதியும் முன் முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்று 2018 திருத்தம் சொல்கிறது, விசாரிப்பவர் டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். நிலையத்தில் வாங்க மறுத்தால் மேலதிகாரிக்குத் தபாலில், அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம். 14566 என்ற இலவச எண்ணிலும் புகாரைப் பதியலாம். ஒன்று மட்டும், 1955 சட்டக் குற்றத்தை நீதிமன்றம் கையில் எடுக்க ஒரு வருடம்தான் காலவரை. யோசித்துக்கொண்டே இருக்காதீர்கள்.

உங்கள் தோழிக்கும் ஒரு விஷயம் சொல்லுங்கள். அவர் முஸ்லிமாகவோ, தனியாக வசிக்கும் பெண்ணாகவோ இருந்து அதே வீட்டில் மறுக்கப்பட்டிருந்தால், மேலே சொன்ன இரண்டு சட்டமும் உதவாது. மதத்தையோ பாலையோ பார்த்து வாடகை மறுப்பதைத் தனியாருக்குத் தடுக்கும் பொதுச் சட்டம் இந்தியாவில் இல்லை. எழுதத் தெரியாமல் இல்லை: எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களுக்கு 2017-இலும், திருநர்களுக்கு 2019-இலும் கொண்டுவந்த சட்டங்களில், வீடு வாங்கவும் வாடகைக்கு எடுக்கவும் குடியிருக்கவும் உள்ள உரிமையை மறுக்கக் கூடாது என்று நாடாளுமன்றமே வரி வரியாக எழுதியிருக்கிறது. மற்றவர்களுக்கு எழுதவில்லை, அவ்வளவுதான்.

வக்கீல் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. நீங்கள் இரண்டு கணக்கிலும் தகுதியுள்ளவர். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், அல்லது 15100-க்குக் கூப்பிடுங்கள். போகும்போது சாதிச் சான்றிதழும், அந்த வாட்ஸ்அப் பேச்சு இருக்கும் போனும் மறக்காமல் கையில் இருக்கட்டும்.