கேள்வி – பதில்: போனும் ஜிஆர்பிசியும்

கேள்வி: லேப்டாப்பில் ஓடும் என் ஜிஆர்பிசி (ஒரு கணினியிலுள்ள நிரலை நெட்வொர்க் வழியாக இன்னொன்றிலிருந்து அழைக்கும் முறை) சர்வரை ஆண்ட்ராய்டு எமுலேட்டரிலிருந்து அழைக்கிறேன். முகவரி லோக்கல்ஹோஸ்ட், போர்ட் 50051. 'அனவெய்லபிள்' என்றே வருகிறது. சர்வர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது!

பதில்: ஓடட்டும், நீங்கள் அங்கே போகவே இல்லையே. எமுலேட்டர் தனி போன் மாதிரி. அதற்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் எமுலேட்டரேதான். லேப்டாப்பை எட்ட 10.0.2.2 என்று கொடுங்கள். நிஜ போன் என்றால் இரண்டும் ஒரே வைஃபையில் இருக்கட்டும். லேப்டாப்பின் வைஃபை ஐபியைக் கொடுத்து, சர்வரை 127.0.0.1-க்குப் பதில் 0.0.0.0-இல் ஓட்டுங்கள். ஃபயர்வாலையும் பாருங்கள்.

அப்படியும் அதே பிழையா? சானல் (செயலியிலிருந்து சர்வருக்கான இணைப்பு) தானாகவே டிஎல்எஸ் என்ற மறையாக்கத்தை எதிர்பார்க்கும். சோதனை சர்வரில் அது இல்லையென்றால் சானலைக் கட்டும்போது 'யூஸ்பிளெயின்டெக்ஸ்ட்' சேர்க்க வேண்டும். வெளியிடும் பதிப்பில் அந்த வரி இருக்கவே கூடாது. கிரேடிலில் (செயலியைக் கட்டும் கருவி) நெட்டி என்ற நெட்வொர்க் நூலகத்தைப் போட்டிருந்தால் எடுத்துவிட்டு, அதற்குப் பதில் ஓகேஹெச்டிடிபியையும், தரவைப் பொதிவதற்கு புரோட்டோபஃப் லைட்டையும் போடுங்கள். போனுக்கு அவைதான் பொருத்தம்.

கேள்வி: சிக்னல் போய்த் திரும்பி வந்த பிறகும் செயலி ஓரிரு நிமிடம் இணையாமலே கிடக்கிறது. மூடித் திறந்தால் உடனே சரியாகிவிடுகிறது. ஏன்?

பதில்: இணைப்பு தோற்றால் சானல் 1 விநாடி பொறுத்து மறுபடி முயலும். அதுவும் தோற்றால் 1.6 விநாடி, பிறகு 2.56 என்று ஒவ்வொரு முறையும் 1.6 மடங்காகக் கூடி, 120 விநாடியில் நிற்கும். சிக்னல் நெடுநேரம் இல்லாமல் போனால் காத்திருப்பு இந்த உச்சத்துக்கு வந்துவிடும். நடுவில் சிக்னல் வந்தது சானலுக்குத் தெரியாது. அதுவரை வரும் அழைப்புகளை எல்லாம் உடனுக்குடன் 'அனவெய்லபிள்' என்று திருப்பி அனுப்பும். மூடித் திறந்தால் புதுச் சானல், எண்ணிக்கை முதலிலிருந்து.

இதற்கென்றே ஜிஆர்பிசி-ஆண்ட்ராய்டு என்ற துணை நூலகம் உண்டு. சானலை அதிலுள்ள 'ஆண்ட்ராய்டுசானல்பில்டர்' கொண்டு கட்டுங்கள். செயலியின் கான்டெக்ஸ்டை (ஆண்ட்ராய்டு வசதிகளை எட்ட உதவும் பொருள்) கொடுத்தால்தான் அது நெட்வொர்க் மாற்றங்களைக் கவனித்து, சிக்னல் வந்ததும் காத்திராமல் மறுபடி முயலும். மேனிஃபெஸ்டில் (செயலியின் அனுமதிகளை அறிவிக்கும் கோப்பு) நெட்வொர்க் நிலையை அறியும் அனுமதியும் தேவை. பலர் இதைச் செய்யாமல் 10 விநாடிக்கு ஒரு கீப்அலைவ் பிங் (இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் சிறு செய்தி) அனுப்புகிறார்கள். பேட்டரிதான் காலியாகும். போதாததற்கு, 5 நிமிடத்துக்குள் அடுத்தடுத்து பிங் வந்தால், அமைப்பை மாற்றாத சர்வர் 'டூ மெனி பிங்ஸ்' என்று இணைப்பையே அறுத்துவிடும்.

கேள்வி: 5 விநாடி டெட்லைன் (பதிலுக்கான காலக்கெடு) வைத்தேன். முதல் அழைப்பு சரி. கொஞ்ச நேரத்தில் எல்லாமே 'டெட்லைன் எக்ஸீடட்'.

பதில்: ஸ்டப்பை (சர்வரை அழைக்க உதவும் பொருள்) உருவாக்கும்போதே டெட்லைனைப் போட்டு எடுத்து வைத்திருக்கிறீர்கள். அந்த 5 விநாடி, போட்ட நொடியிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். ஒவ்வொரு அழைப்பின்போதும் 'வித்டெட்லைன்ஆஃப்டர்' புதிதாகப் போடுங்கள். அதற்குப் புது ஸ்டப் கிடைக்கும். செலவு மிகக் குறைவு. சிக்கனம் பார்க்க வேண்டியது சானலில்: செயலி முழுவதற்கும் ஒன்றே போதும்.