புற்றுக்கட்டியில் சாயம் ஒளிர்ந்தால் மருந்தும் அங்கே சேர்ந்துவிட்டது என்று கொள்ளலாமா?

கொள்ளக் கூடாது. படத்தில் தெரிவது சாயம் மட்டுமே. டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றிய லிப்போசோமில் (கொழுப்புப் படலத்தால் ஆன நுண்குமிழி) டிஐஆர் (DiR) என்ற ஒளிரும் சாயம் சேர்த்து எலியில் படமெடுப்பதாகக் கேட்டிருக்கிறீர்கள்; அதை வைத்தே சொல்கிறேன்.

டிஐஆர் கொழுப்புப் படலத்தில் செருகித்தான் நிற்கிறது, வேதிப்பிணைப்பு கிடையாது. மருந்தோ உள்ளிருக்கும் நீரில் சல்பேட்டோடு திரண்டு கிடக்கிறது. ஒன்று வெளியேறினால் மற்றதும் வெளியேற வேண்டிய அவசியமே இல்லை. சாயம் ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் லிப்போபுரோட்டீன்களுக்கும் செல் சவ்வுகளுக்கும் தாவக்கூடும்.

தயாரிப்பில் எச்எஸ்பிசி (HSPC, படலத்தின் முக்கிய லிப்பிடு, அதாவது கொழுப்பு), கொலஸ்ட்ரால், டிஎஸ்பிஇ-பெக்2000 (DSPE-PEG2000, பெக் சங்கிலி கோத்த லிப்பிடு) மூன்றும் ஏறக்குறைய 56:38:5 மோல் விகிதம். சாயம் 0.2 மோல் சதவீதம் போதும்; ஒளி கூடட்டும் என்று அள்ளிப் போட்டால் மூலக்கூறுகள் நெருங்கி ஒன்றின் ஒளியை ஒன்று அணைக்கும். உலர்ந்த படலத்தை 250 மில்லிமோலார் அம்மோனியம் சல்பேட்டில் 60–65 டிகிரியில் நனைத்து, அதே சூட்டில் 100 நானோமீட்டர் பாலிகார்பனேட் சவ்வு வழியே பலமுறை தள்ளுங்கள். பிறகு லிப்போசோமுக்கு வெளியே உள்ள சல்பேட்டை மிச்சமில்லாமல் நீக்குங்கள். மருந்தேற்றம் பெரும்பாலும் கெடுவது இங்கேதான். உள்ளுக்கும் வெளிக்கும் சல்பேட் அளவில் வித்தியாசம் இல்லையென்றால் மருந்தை உள்ளே இழுக்க எதுவுமில்லை. கடைசியில் மருந்தைச் சேர்த்து 60 டிகிரியில் ஒரு மணி நேரம்.

எலிக்குப் போடுமுன் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள்: லிப்போசோமோடு பாதிக்குப் பாதி சீரம் கலந்து 37 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து, செஃபரோஸ் சிஎல்-4பி தூணில் (அளவு வாரியாகப் பிரிக்கும் ஜெல் நிரப்பிய குழாய்) ஓட்டுங்கள். லிப்போசோம் முதலில் வரும், புரதங்கள் பின்னால். பின்பகுதியில் சாயம் இருந்தால் உங்கள் படத்தை நம்ப முடியாது. சாயம் வேதிப்பிணைப்பாகக் கோக்கப்பட்ட லிப்பிடுக்கு மாறுங்கள்.

டாக்சோரூபிசின் தானே ஒளிரும்: 480இல் தூண்டினால் 590 நானோமீட்டர் அருகே. லிப்போசோமுக்குள் அடைந்திருக்கும்போது அந்த ஒளி அணைந்திருக்கும், கசிந்தால் ஏறும். குழாயில் கசிவை அளக்க இது அருமையான வழி. முழுக் கசிவு, அதாவது நூறு சதவீதம், எவ்வளவு என்று அறிய டிரைட்டான் என்ற படலத்தை உடைக்கும் சோப்புப் பொருளைச் சேர்த்துச் சூடாக்குங்கள். குளிரில் எச்எஸ்பிசி முழுதாக உடைவதில்லை. உயிருள்ள எலியில் மட்டும் இது உதவாது, 590ஐ ரத்தமும் திசுவும் விழுங்கிவிடும். அதனால் கட்டி, கல்லீரல், மண்ணீரல் மூன்றையும் எடுத்து அரைத்து, அமிலம் கலந்த ஐசோபுரோப்பனாலில் மருந்தைப் பிரித்து எச்பிஎல்சி (HPLC, சேர்மங்களைப் பிரித்து அளக்கும் கருவி) மூலம் அளந்தே ஆக வேண்டும். அதுவும் மொத்த மருந்தைத்தான் காட்டும், லிப்போசோமுக்குள் இருப்பது எவ்வளவு, விடுபட்டது எவ்வளவு என்று பிரிக்காது.

படமெடுப்பதற்கு ஒரு வாரம் முன்பே எலிகளை ஆல்ஃபால்ஃபா (குதிரைமசால்) இல்லாத தீனிக்கு மாற்றுங்கள். அதிலுள்ள பச்சையம் குடலில் சிவப்பாக ஒளிர்ந்து வயிற்றுப் பகுதியையே மறைக்கும்.