“ஆர்டர் வந்ததும் சொல்லி அனுப்புகிறோம்”

கேள்வி: பனியன் கம்பெனி ஒன்றில் 14 மாதம் ஓவர்லாக் டெய்லராக இருந்தேன். அமெரிக்க ஆர்டர் நின்றுவிட்டது, வந்ததும் சொல்லி அனுப்புகிறோம் என்று நிறுத்திவிட்டார்கள். “நீ டெம்பரரிதானே, உனக்குக் கேட்க என்ன இருக்கிறது?” என்கிறார் சூப்பர்வைசர். அவர் சொல்வது சரியா? – வாசகர், திருப்பூர்

பதில்: சரியில்லை. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட பிறகு திருப்பூரில் வேலை குறைந்தது நிஜம். அதைச் சொல்லி ஆளைக் குறைக்கலாம். கையை வீசிக்கொண்டு போ என்று அனுப்ப முடியாது.

டெம்பரரியா, பெர்மனெண்டா என்பதைவிட நீங்கள் எத்தனை நாள் வேலை பார்த்தீர்கள் என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது. நிறுத்திய தேதியிலிருந்து பின்னோக்கி 12 மாதம் எண்ணுங்கள். அதில் 240 நாள் தேறினால் ஓராண்டு தொடர் பணி. சம்பளத்தோடு கிடைத்த விடுமுறையும் இதில் சேரும் என்று 1985இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒன்றரை ஷிப்ட் ஓட்டியிருந்தாலும் ஒரு நாள்தான். 2025 நவம்பர் 21இல் புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தபோதும் இந்தக் கணக்கு மாறவில்லை.

240 தேறினால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், கூடவே ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் இழப்பீடு. ஷிப்டுக்கு 500 ரூபாய், மாதம் 26 ஷிப்ட் என்று வைத்தால் 13,000மும் 7,500மும் சேர்ந்து 20,500. பாக்கிக் கூலி தனி. அதை நிறுத்திய இரண்டு வேலை நாளுக்குள் தந்தாக வேண்டும். இத்தனை மாதம் என்று தேதி போட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, அந்தத் தேதியும் முடிந்திருந்தால் மட்டும் இந்த இழப்பீடு வராது.

“சொல்லி அனுப்புகிறோம்” என்ற வார்த்தையில்தான் ஆபத்து. நாளை அதை லே-ஆஃப், அதாவது வேலையை விட்டு நீக்காமல் தற்காலிகமாக நிறுத்திவைத்தது என்பார்கள். லே-ஆஃபுக்குப் பாதிச் சம்பளம் உண்டு, ஆனால் 50 பேருக்குக் குறைந்த இடத்தில் அது கிடையாது. அவ்வப்போது மட்டும் கூப்பிடும் கேஷுவல் ஆளுக்கும் கிடையாது. இன்னும் மோசமாக, “அவராகவே வரவில்லை” என்றும் சொல்வார்கள். பல வழக்குகள் தோற்பது இங்கேதான். ஆகவே இந்த வாரமே கம்பெனிக்குக் கடிதம் எழுதுங்கள்: சேர்ந்த தேதி, கடைசியாக வேலை பார்த்த தேதி, நிறுத்தியவர் யார், “வேலைக்கு வர நான் தயார்” என்ற வரி. ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் மட்டும் போதாது.

240 நாளை நிரூபிக்க வேண்டியவர் தொழிலாளிதான் என்பது 2002இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. சம்பளக் கவர்களைத் தூக்கிப்போடாதீர்கள். இ.எஸ்.ஐ. சந்தா விவரம், பி.எஃப். பாஸ்புக், வங்கி வரவு, பீஸ் கணக்கு எழுதிய சீட்டு எல்லாம் சாட்சி. பாக்கி தருகிறோம் என்று வெற்றுத்தாளிலோ ராஜினாமாவிலோ கையெழுத்துக் கேட்டால் போடவே போடாதீர்கள். ராஜினாமா கொடுத்தால் அது ஆட்குறைப்பே இல்லை என்றாகிவிடும். 20,500 ரூபாயும் அதோடு போகும்.

பதில் இல்லையென்றால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனுக் கொடுங்கள். 45 நாளில் முடியாவிட்டால் நீங்களே நேரடியாக வழக்குப் போடலாம், சங்கம் கூட வர வேண்டியதில்லை. நிறுத்திய நாளிலிருந்து இரண்டு ஆண்டு தாண்டக் கூடாது.

உங்களுக்குப் பின் சேர்ந்த ஓவர்லாக் டெய்லர் யாராவது இன்னும் அங்கே இருக்கிறாரா? இருந்தால் மனுவில் அதையும் எழுதுங்கள். கடைசியில் வந்தவர்தான் முதலில் போக வேண்டும். முறையை மாற்றினால் நிர்வாகம் காரணத்தை எழுதிவைத்திருக்க வேண்டும். ஓராண்டுக்குள் மறுபடி ஆள் எடுத்தால் உங்களைத்தான் முதலில் கூப்பிட வேண்டும். ஊருக்குத் திரும்புவதாக இருந்தால் அந்த விலாசத்தையும் போன் நம்பரையும் அதே கடிதத்தில் கொடுத்துவிடுங்கள்.