நீச்சல் குளத்தோடு வீடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகன் அரிசோனாவில், பீனிக்ஸ் பக்கத்தில் உள்ள சாண்ட்லரில் வேலை பார்க்கிறான். நீச்சல் குளத்தோடு ஒரு பழைய வீடு விலைக்கு வந்திருக்கிறது. பேத்திக்கு 4 வயது. பாலைவன ஊரில் குளத்து வீடு வாங்கலாமா? - வாசகி, நாகர்கோவில்

பதில்: வாங்கலாம். கோடை முழுக்க 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் குளம் சும்மா கிடக்காது. ஆனால் குளத்தின் அழகை வைத்து விலை பேச வேண்டாம். அதில் நிற்கும் தண்ணீரைச் சோதித்துவிட்டுப் பேசச் சொல்லுங்கள்.

அங்கே வருடத்துக்கு ஏறக்குறைய 6 அடி தண்ணீர் ஆவியாகிறது. 30 அடிக்கு 15 அடி, சராசரி ஆழம் 5 அடி என்றால் குளத்தின் கொள்ளளவு சுமார் 64,000 லிட்டர். ஆவியாவது 76,000 லிட்டர். போவது தண்ணீர் மட்டும்தான், அதிலிருந்த சுண்ணாம்பு குளத்திலேயே தங்கிவிடும். நிரப்பும் தண்ணீரின் கால்சியம் கடினத்தன்மை லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழையும் வடிதலும் இல்லாவிட்டால் ஒரே வருடத்தில் அது 550-ஐத் தொடும். இருக்க வேண்டியது 200 முதல் 400 வரை. டைல்ஸ் ஓரம் வெள்ளையாகப் படிந்திருப்பது இதுதான். அதே படிவு ஹீட்டருக்குள்ளும் குழாய்க்குள்ளும் இருக்கும், அதுதான் செலவு வைக்கும்.

அடுத்து சயனூரிக் அமிலம். வெயிலில் குளோரின் அழியாமல் காப்பது இது, லிட்டருக்கு 30 முதல் 50 மில்லிகிராம் போதும். குளோரின் மாத்திரையையே வருடக் கணக்கில் போட்டு வந்தால் இது ஏறிக்கொண்டே போகும். 100-ஐத் தாண்டினால் குளோரின் இருந்தும் வேலை செய்யாது, பாசி பிடிக்கும். இந்த இரண்டு அளவும் எகிறியிருந்தால் பாதிக்கு மேல் தண்ணீரை மாற்றியாக வேண்டும். அதைக் குளிர்மாதங்களில்தான் செய்ய வேண்டும். கோடையில் காலி செய்தால் வெயில் பட்டுப் பூச்சு வெடிக்கும். வடித்த தண்ணீரைத் தெருவில் விடக் கூடாது, வீட்டுக் கழிவுநீர்க் குழாயைச் சுத்தம் செய்ய வைத்திருக்கும் மூடியுள்ள வாயில் (கிளீனவுட்) விட வேண்டும். இந்தச் செலவைக் கணக்கிட்டு விலையில் குறைக்கக் கேட்பதில் தவறே இல்லை.

அங்குள்ள பல குளங்களில் தண்ணீர் குறையக் குறையத் தானாக நிரப்பும் மிதவை வால்வு உண்டு. கசிவை மறைப்பதும் அதுவே. மட்டம் எப்போதும் சரியாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. அதை மூடிவிட்டு, அடுத்த பதிலில் சொல்லும் வாளிச் சோதனையைச் செய்ய வேண்டும். அரிசோனாவில் வழக்கமான ஒப்பந்தப் படிவம் வீட்டைச் சோதிக்க 10 நாள் தருகிறது. பொதுவான வீட்டுப் பரிசோதகர் குளத்தை மேலோட்டமாகத்தான் பார்ப்பார். ஆகவே முதல் நாளே குளத்துக்கென்று தனிப் பரிசோதகரை ஏற்பாடு செய்யட்டும். பம்ப் ஒரே வேகத்தில் ஓடும் பழையதா, வேகம் மாற்றக்கூடியதா என்றும் கேட்கட்டும். வேகத்தைப் பாதியாக்கினால் தேவைப்படும் சக்தி கணக்குப்படி எட்டில் ஒரு பங்காகிவிடும்.

பேத்தி விஷயத்தில் சமரசமே கூடாது. 6 வயதுக்குக் குறைந்த குழந்தை இருக்கும் வீட்டில் குளத்துக்குத் தடுப்பு கட்டாயம் என்கிறது அரிசோனா சட்டம். தடுப்பு குறைந்தது 5 அடி உயரம் இருக்க வேண்டும், 4 அங்குல உருண்டை நுழையும் இடைவெளி இருக்கக் கூடாது, கதவு தானாக மூடித் தானாகத் தாழிட வேண்டும். வீட்டுக் கதவே நேராகக் குளத்துக்குத் திறந்தால், நடுவில் வேலி போட்ட பிறகுதான் குடியேற வேண்டும்.

கேள்வி: ஆரல்வாய்மொழியில் குளத்தோடு ஒரு வீடு பார்த்தோம். தண்ணீர் தினம் ஓர் அங்குலம் குறைகிறது. "காற்றில் ஆவியாகிறது" என்கிறார் உரிமையாளர். உண்மையா? - வாசகர், தோவாளை

பதில்: கணவாய்க் காற்று முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று, ஆவியாதலைக் கூட்டத்தான் செய்யும். ஆனாலும் ஓர் அங்குலம் என்பது மேலே சொன்ன அளவுக் குளத்தில் ஆயிரம் லிட்டருக்கு மேல். பாலைவனக் கோடையிலேயே நாளுக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர்தான் போகும், இங்கே 25 மில்லிமீட்டர் போகிறது. கசிவு இருக்கவே வாய்ப்பு அதிகம்.

வாளியில் குளத்துத் தண்ணீரை ஊற்றி, உள்ளே ஒரு கல்லைப் போட்டுக் குளத்துப் படியில் வையுங்கள். உள்ளும் புறமும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். வாளியின் விளிம்பு தண்ணீருக்கு மேல் அதிகம் நீட்டிக்கொண்டிருந்தால் காற்று உள்ளே படாது, கணக்குத் தப்பும். எனவே விளிம்பு சற்றே மேலே தெரியும்படி படியைத் தேர்ந்தெடுங்கள். இரு மட்டங்களையும் குறித்து, மோட்டாரை நிறுத்தி 24 மணி நேரம் விடுங்கள். மறுநாள் மோட்டாரை ஓடவிட்டு அதையே திரும்பச் செய்யுங்கள். வாளியைவிடக் குளம் 6 மில்லிமீட்டருக்கு மேல் அதிகம் இறங்கினால் கசிவுதான். மோட்டார் ஓடும்போது மட்டும் அதிகம் இறங்கினால் குளத்துக்குத் திரும்பும் குழாயில் கோளாறு. ஓடும்போது பம்பின் கண்ணாடி மூடிக்குள் காற்றுக் குமிழி வந்தால் உறிஞ்சும் பக்கத்தைப் பாருங்கள். சில நாள் நிரப்பாமல் விட்டு, மட்டம் எங்கே நிற்கிறது என்றும் கவனியுங்கள். மேல்மட்டக் குப்பையை இழுக்கும் ஸ்கிம்மரின் வாய்க்குக் கீழே நின்றால் ஸ்கிம்மர் இணைப்பு, விளக்கு மட்டத்தில் நின்றால் விளக்குக் குழி.

கேள்வி: வயலை நிரப்பிக் கட்டிய வீடு. "குளத்தைக் காலி செய்து தரையைக் காட்டுங்கள்" என்று கேட்கலாமா? - வாசகர், திருவட்டாறு

பதில்: பக்கத்துக் கிணற்றை எட்டிப் பார்க்காமல் கேட்காதீர்கள். சுற்றிலும் நிலத்தடி நீர் குளத்தின் தரையைவிட ஒரு மீட்டர் உயரத்தில் நின்றால், அதே 30-க்கு 15 அடிக் குளத்தை மேலே தள்ளும் விசை சுமார் 42 டன். காலியான தொட்டி அந்த விசையைத் தாங்காமல் மேலெழும்பலாம், தரை பிளக்கலாம். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, கால்வாயில் தண்ணீர் விடும் காலமும் உண்டு. கிணற்று நீர்மட்டம் குளத்தின் அடிக்குக் கீழே இறங்கும் மாசி, பங்குனியில் கேளுங்கள். அடியில் நீர் அழுத்தம் விடும் வால்வு வைத்திருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள்.

குளம் ஏற்கெனவே நகர்ந்திருக்கிறதா என்பதைக் காலி செய்யாமலே அறியலாம். தண்ணீர் எப்போதும் சமமட்டம். நான்கு மூலையிலும் தண்ணீரிலிருந்து டைல்ஸ் மேல்விளிம்பு வரை அளந்து பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் கட்டடப் பொறியாளரை அழைக்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: முட்டம் பக்கம் போர் தண்ணீர் உப்பு. அதையே குளத்தில் நிரப்பலாமா? - வாசகி, மணவாளக்குறிச்சி

பதில்: வேண்டாம். ஆவியாக ஆவியாக உப்பு கூடி, ஏணியும் கைப்பிடியும் துரு ஏறும், பம்பின் சீல் கெடும். கூரை மழைநீரைச் சேர்க்கலாம். 1,000 சதுர அடிக் கூரையில் 25 மில்லிமீட்டர் மழைக்கு 2,000 லிட்டருக்குக் குறையாமல் கிடைக்கும். முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள். ஆனால் மழைநீரில் கால்சியம் மிகக் குறைவு, அது சிமெண்ட் பூச்சை அரித்துத் தன் தேவையை எடுத்துக்கொள்ளும். 64,000 லிட்டரில் கடினத்தன்மையை 100 கூட்ட, நீரற்ற கால்சியம் குளோரைடு சுமார் 7 கிலோ தேவை. வாளித் தண்ணீரில் சிறிது சிறிதாகக் கரையுங்கள், நன்றாகச் சூடேறும். தூளின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, தண்ணீரில்தான் தூளைப் போட வேண்டும்.