ஊருக்குத் தெரியும், கடதாசிக்குத் தெரியாது

கேள்வி: அரச நிறுவனங்களின் ஊழலையும் தவறுகளையும் ஊடகவியலாளர்கள் தோண்டி எழுதுவதால் உண்மையில் ஏதாவது நடக்கிறதா? வன்னிப் பக்கம் யாராவது அப்படிச் செய்கிறார்களா?

செய்கிறார்கள். ஏதோ நடக்கவும் செய்கிறது, ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற அளவுக்கு இல்லை. நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒன்பது வருஷமாகப் பகுதிநேரச் செய்தியாளர். சோறு போடுவது வயலும் ஒரு சின்னக் கடையும்தான், பத்திரிகை தருகிற காசு மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடிக்கவே காணாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கே ஊழலை எழுதுகிற ஆட்களில் முக்கால்வாசிப் பேரின் நிலைமை இதுதான்.

புலனாய்வு ஊடகவியல் என்றதும் பலருக்கு ஒளித்து வைத்த கமராவும், இருட்டில் கோப்பைக் கை மாற்றுகிற ஆளும்தான் நினைவுக்கு வரும். வன்னியில் அப்படி ஒளித்து வைக்க ஒன்றும் கிடையாது. எந்தக் காட்டில் முதிரை மரம் தறிபடுகிறது, எந்த ஆற்றங்கரையில் இரவு எத்தனை டிப்பர் மணல் ஏறுகிறது, வீட்டுத்திட்டப் பட்டியலில் யாருடைய பெயர் எந்த வழியால் நுழைந்தது, எல்லாம் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தால் அரை மணித்தியாலத்தில் தெரிந்துவிடும். ஊருக்குத் தெரியும், கடதாசிக்குத்தான் தெரியாது. கடதாசியில் இல்லாததை எந்தக் கந்தோரும் “அப்படியொன்றும் நடக்கவில்லையே” என்று ஒரே வரியில் முடித்துவிடும். ஊர்க்கதையைக் கடதாசியில் ஏற்றுவதுதான் எங்கள் வேலை.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஊர், கந்தோர் பெயர்கள் வேண்டாம்.

எங்கள் பக்கத்து ஊரில் ஒரு சிறு குளம். குளக்கட்டு திருத்தம் முடிந்தது என்று பெரிய பெயர்ப்பலகை நட்டிருந்தார்கள், நீளம் 640 மீற்றர், கட்டு உயர்த்திக் கிரவல் போட்டது என்று. கமக்கார அமைப்பில் இருந்த ஐயா ஒருவர் கடைக்கு வந்து, “தம்பி, பலகை மட்டும்தான் முழுசா இருக்கு, வந்து பார்” என்றார். போய்ப் பார்த்தேன், உண்மைதான். ஆனால் நானும் ஐயாவும் பார்த்ததை வைத்து என்ன எழுதுவது? ‘மக்கள் குற்றச்சாட்டு’ என்று நாலு வரி வரும், மறுநாள் அந்தப் பேப்பரில் வடை சுற்றுவார்கள்.

அதனால் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போட்டேன். அது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இதற்கு ஊடகவியலாளராக இருக்க வேண்டியதில்லை, இலங்கைப் பிரஜையாக இருந்தால் போதும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணமும் சொல்லத் தேவையில்லை. எழுத இயலாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலரே அதை எழுதிப் பதிய வேண்டும் என்றுகூடச் சட்டத்தில் இருக்கிறது, நம் அம்மம்மாக்களுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நான் கேட்டது மூன்று விஷயம்: வேலையின் மதிப்பீடு, முடிந்தபின் எடுத்த அளவீட்டுத் தாள், காசு கொடுத்த பற்றுச்சீட்டு.

தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லவில்லை. மேன்முறையீட்டுக்கென்று அதே நிறுவனத்தில் பெயர் குறித்த மேலதிகாரி ஒருவர் இருப்பார், அவருக்குப் போட்டேன். அவருக்குத் தவணை மூன்று கிழமை. அங்கேயும் கிடைக்காவிட்டால் கொழும்பில் இருக்கிற தகவல் ஆணைக்குழு, அதற்கும் மேலே மேன்முறையீட்டு நீதிமன்றம். எனக்கு அவ்வளவு தூரம் போக வேண்டி வரவில்லை. ஒரு தடித்த கடித உறை வந்தது. பிரித்தால் எல்லாம் சிங்களத்தில்! வவுனியாவில் இருக்கிற நண்பனிடம் கொண்டுபோய் இரண்டு பின்னேரம் உட்கார்ந்து வாசித்தோம். அளவீட்டுத் தாளில் 640 மீற்றரும் வேலை முடிந்தது, அளந்து சரிபார்த்தது, முழுக்காசும் கொடுத்தாயிற்று என்று இருந்தது. கீழே மூன்று கையெழுத்து.

அப்புறம் 30 மீற்றர் அளவு நாடாவோடு ஐயாவும் நானும் விடியக்காலமை கட்டில் ஏறினோம். ஒவ்வொரு முப்பதுக்கும் அவர் ஒரு குச்சியை நட்டுக்கொண்டே வந்தார். பதின்மூன்றாவது குச்சி நட்டு இன்னும் இருபது மீற்றர் நடந்ததும் கிரவல் நின்றுவிட்டது. அங்காலே பழைய மண், மாடு மிதித்த குழி, நடுவில் ஒரு கறையான் புற்று. கறையான் அந்தப் புற்றை எழுப்ப எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று ஐயா கணக்குச் சொல்லத் தொடங்கிவிட்டார். எல்லாவற்றையும் படம் எடுத்தேன், குச்சிகளையும் சேர்த்து.

எழுத முதல் சம்பந்தப்பட்ட அதிகாரியிடம் கேட்க வேண்டும், இதைத் தவற விடக்கூடாது. நான் கேட்டபோது அவர், “தம்பி, மாரி மழை கழுவிக்கொண்டு போட்டுது” என்றார். சரியாக 410ஆவது மீற்றரில் இருந்து கழுவுகிற மழை. அதை அப்படியே போட்டேன், என் பங்குக்கு ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

ஆறாம் பக்கத்தில், ஒரு மரண அறிவித்தலுக்குப் பக்கத்தில் வந்தது. யாரும் சிறைக்குப் போகவில்லை, ஒருவருக்கு இடமாற்றம் கிடைத்தது, அதுவும் அவருக்கு வீட்டுக்குக் கிட்ட என்று கேள்வி. பலகை ஒருநாள் இரவு காணாமல் போனது. ஆனால் மூன்றாம் கிழமை டிப்பர் வந்து மிச்ச 230 மீற்றருக்கும் கிரவல் பறித்துவிட்டுப் போனது. காசு எந்தக் கணக்கில் இருந்து வந்ததென்று கேட்டு இன்னொரு விண்ணப்பம் போட்டிருக்கிறேன்.

நான் பட்டது சின்ன விஷயம். பெரிய விஷயங்களுக்குப் பெரிய விலை கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். 2006 ஜனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது, கைக்குண்டு வெடித்துச் செத்தார்கள் என்றுதான் முதலில் சொன்னார்கள். செய்தியாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயம் தெரிந்தது, ‘சுடர் ஒளி’ பத்திரிகை அதைப் போட்டது. அதே மாதம் 24ஆம் திகதி அவரைச் சுட்டுக் கொன்றார்கள். மாணவர் கொலை வழக்கில் இருந்த விசேட அதிரடிப்படையினர் 13 பேரும் 2019இல் விடுவிக்கப்பட்டார்கள். பிறகு என்ன மாறியது என்று கேட்பீர்கள். கைக்குண்டுக் கதையை இன்று யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான், அந்த அவ்வளவுக்கு ஒரு உயிர். எங்கள் மாவட்டத்திலேயே 2020 ஒக்டோபரில் முறிப்புப் பக்கம் சட்டவிரோத மரக்கடத்தலைப் படமெடுக்கப் போன செய்தியாளர்கள் குமணனையும் தவசீலனையும் அடித்தார்கள். இருவரும் அதற்குப் பிறகும் எழுதுவதை விடவில்லை.

நிறுவனத் தவறு என்றால் அரசாங்கக் கந்தோர் மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். 2008 செப்டெம்பரில் ஐ.நா. அமைப்புகள் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டபோது, போகாதேங்கோ என்று வாசலில் நின்று சனம் மன்றாடியது. அடுத்து என்ன வரும் என்று அந்தச் சனத்துக்கு அன்றைக்கே தெரியும். ஐ.நா.வின் கடதாசிக்கு அது தெரிய 2012 நவம்பர் ஆனது, முன்னாள் ஐ.நா. அதிகாரி சார்ல்ஸ் பெற்றியின் உள்ளக அறிக்கை வந்து, தங்கள் அமைப்பு முழுவதுமே தவறிவிட்டது என்று எழுதியபோது. நாலு வருஷம்! அதற்குள் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

எங்கள் மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயில் 2023 ஜூனில் நீர்க்குழாய் பதிக்கத் தோண்டியவர்கள் கண்டது மனித எலும்பு. அங்கே 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. அகழ்வு நடந்த நாளெல்லாம் வெயிலில் நின்று எத்தனையாவது எலும்புக்கூடு, பக்கத்தில் என்ன கிடந்தது என்று எழுதியது பெரும்பாலும் எங்கள் மாதிரிப் பிரதேசச் செய்தியாளர்கள்தான். அப்படி எழுதிக்கொண்டே இருந்திருக்காவிட்டால் தோண்டுவதற்குக் காசில்லை என்று அதையும் மூடி, குழாயைக் கொஞ்சம் வளைத்துப் பதித்துவிட்டுப் போயிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

நீங்களே ஏதாவது தேட நினைத்தால் ஒன்று மட்டும் சொல்கிறேன். விண்ணப்பத்தில் இரண்டு பிரதி எடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்காமல் கந்தோரை விட்டு வெளியே வராதீர்கள். முத்திரை குத்துகிறவர் தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பார், காத்திருங்கள்.

போன கிழமை ஐயா திரும்பக் கடைக்கு வந்தார். கட்டு நல்லாத்தான் இருக்காம், குளத்துத் தண்ணி திறந்துவிடுகிற துருசு ஒழுகுதாம், தண்ணி இரவிரவாக வாய்க்காலில் வீணாகப் போகுதாம். துருசுக்கு மதிப்பீட்டில் காசு ஒதுக்கியிருந்ததா என்று கடித உறையைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஒதுக்கவே இல்லை. “அப்ப அவங்கள் அதில களவெடுக்கேல்ல” என்று சொல்லிவிட்டு ஐயா ஒரு பிளேன்ரீ கேட்டார்.